தானாக நகரும் அம்பு

லைட்ஹவுஸ் குப்பத்துப் பிற்பகல் வெயில் ஜன்னல் வழியாகக் கம்ப்யூட்டர் மேசைமேல் விழுந்து கிடக்கிறது. பிரின்சி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். ஆனாலும் திரையில் அம்பு நகர்கிறது. தோஹாவில் வேலை பார்க்கும் கணவன் ஆல்வின் அங்கிருந்தபடியே வீட்டுக் கம்ப்யூட்டரை இயக்குவது வழக்கம்தான். ஆனால் அவன் போன் அணைந்து இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. அம்பு கல்யாணப் படங்களைத் திறக்கிறது. ஒவ்வொரு படத்திலும் அவள் முகத்தின்மேல் வந்து சற்று நிற்கிறது. காயும் நெத்திலியின் வாடை காற்றோடு உள்ளே வருகிறது. பிரின்சி ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, இங்கிலீஷ் எழுத்தில் "நீதானா?" என்று தட்டுகிறாள். அவன் கம்ப்யூட்டரில் லினக்ஸ், இதில் விண்டோஸ். அங்கே தமிழில் தட்டினால் இங்கே வெறும் கேள்விக்குறிகளாகத்தான் வந்து விழும். அதனால் இங்கிலீஷ் எழுத்தில்தான் தட்டவேண்டும் என்பதை ஆல்வின் ஒருநாளும் மறந்ததில்லை. இப்போது அவள் எழுதியதற்குக் கீழே ஒரு கேள்விக்குறி விழுகிறது. அப்புறம் இன்னொன்று. வரி நிரம்பி அடுத்த வரிக்கும் ஓடுகிறது. யாரோ அவளிடம் எதையோ விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவள் கை நெட் ஒயரைப் பிடிக்கிறது. பிடுங்க மனம் வரவில்லை. ஒருவேளை அவனேயாக இருந்துவிட்டால்?

"இன்னா பிரின்சி, ஆல்வினா? கொரலே கேக்கலியே!" வெளியே மீனைப் புரட்டிக்கொண்டிருக்கும் மாமியார் கேட்கிறாள்.

பிரின்சி ஒயரிலிருந்து கையை எடுக்கிறாள்.

"ஆமா அத்தே. எழுதினு கீறாரு."