சிவப்புப் பாகு

“இன்னைக்கும் ஒரு சொட்டு மிச்சம் வைக்கலையே! கொள்ளைக்காரி, நல்லா இருப்பியா நீ?”

தெஸ்ஸாலே வேலிக்கு மேல் எம்பி நின்று கத்தினான். அந்தப் பக்கம் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த அஸ்னாகெச் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. புருஷன் போன பிறகு நாலு தேன்பெட்டிகளை வைத்தே குடும்பம் நடத்துகிறவள். கத்தலுக்கெல்லாம் அசைய மாட்டாள்.

“காபி ஆறுது,” என்றாள் அவன் மனைவி வுபித். “சர்க்கரை கேட்காதீங்க. வீட்டுச் சர்க்கரை பூரா உங்க தேனீக்குப் பாகு காய்ச்சியே தீர்ந்துபோச்சு.”

“நம்ம தேனீ குடிச்சா பரவாயில்லையே! குடிக்கறது அவளோடது!”

மழைக்காலத்தில் அந்த மலையில் பூ இருக்காது. தெஸ்ஸாலேவின் வேலியோரப் பெட்டியில் தேனீக்கள் நோஞ்சானாகிவிட்டன. தினமும் காலையில் தட்டு நிறையப் பாகு வைக்கிறான், மத்தியானத்துக்குள் தட்டு காய்ந்துவிடுகிறது. நோஞ்சான் மட்டும் தேறவே இல்லை. வாசலில் செத்த தேனீக்கள்தான் கூடிக்கொண்டே போகின்றன. வெளித் தேனீக்கள் புகுந்து அடித்துக் குடிக்கின்றன. வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பது அஸ்னாகெச்சின் பெட்டிகள். வேறு யார்?

அவனுக்கிருந்த ஒரே ஆறுதல், நோஞ்சானுக்குப் பின்னால் இருந்த பெரிய பெட்டி. அதற்குச் ‘சிங்கம்’ என்று பெயரே வைத்திருந்தான்.

“பாகும் வேணாம், பூவும் வேணாம். கொட்டற மழையிலயும் கனத்துக்கிட்டே போகுது பாரு! நம்ம பையன் கல்யாணத்துக்கு தெஜ் இந்தத் தேன்லதான்.” தேனைப் புளிக்கவைத்த தெஜ் இல்லையென்றால் அங்கே கல்யாண விருந்துக்கு ஒருவரும் உட்கார மாட்டார்கள்.

நோஞ்சான் இன்னும் மெலிந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவன், கடைசியில் அஸ்னாகெச்சையும் வரவழைத்து, தேவாலய மதிலோரம் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் போய் நின்றான்.

“மிட்டாய்க்குப் போடற சிவப்புப் பொடியைப் பாகுல கலக்கப் போறேன் ஐயா. பாகு வைக்கிற பெட்டியை விட்டுடுங்க. அறுவடையில வேற எந்தப் பெட்டியில சிவப்புத் தேன் வருதோ, அந்தப் பெட்டி தேனோட, தேனீயோட எதிராளிக்குப் போயிடணும். சம்மதமான்னு கேளுங்க அவளை!”

அவர்களில் மூத்தவரான மோல்லா அஸ்னாகெச்சைப் பார்த்தார். அவள் அவனைப் பார்த்தாள்.

“யார் பெட்டியா இருந்தாலுமா அண்ணே?”

“யார் பெட்டியா இருந்தாலும்!” தேவாலயத்தின் பக்கம் கையை நீட்டிச் சத்தியம் செய்தான்.

அன்றிலிருந்து அவனுக்கு வேறு வேலையே இல்லை. காலையில் சிவப்புப் பாகை வைப்பான். பிறகு தன் பெட்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேலிக்கு அந்தப் பக்கமே முறைத்துக்கொண்டிருப்பான்.

மழை விட்டது. மலை முழுக்க மஞ்சள் பூ பூத்து ஓய்ந்தது. அறுவடையன்று பெரியவர்களோடு பாதி ஊரும் வந்துவிட்டது.

அஸ்னாகெச் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தாள். தேனடைகளில் வெளிர் மஞ்சள் தேன்.

“அடியில பாருங்க! ஓரத்துல சுரண்டுங்க!” தெஸ்ஸாலே கத்தியை எடுத்து நீட்டினான். சுரண்டினார்கள். நாலாவது பெட்டியிலும் மருந்துக்குக்கூடச் சிவப்பு இல்லை. ஒரு மழைக்காலச் சர்க்கரை, இத்தனை நாள் கத்தல், எல்லாம் வீண். அவனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

“எங்கது முடிஞ்சுது,” என்றாள் அவள். “உங்க பக்கம் போவோமா?”

“வா! தேன்னா என்னன்னு காட்டறேன்!”

விறுவிறுவென்று நடந்து, சிங்கத்தின் மூடியைப் புகை போட்டுத் திறந்தான். புகை கண்ணைக் கரித்தது. நடுவிலிருந்து பெரிய அடையாக அறுத்து, தலைக்கு மேல் தூக்கிப் பெரியவரிடம் நீட்டினான். கண்ணைக் கசக்கிக்கொண்டே அஸ்னாகெச்சைத்தான் பார்த்தான்.

“நல்லாப் பாருங்க ஐயா! இதுல ஒரு குறை சொல்ல முடியுமா?”

வுபித் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவர் அடையை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு அஸ்னாகெச் பக்கம் திரும்பினார்.

“தூக்கிட்டுப் போம்மா, இனிமே சிங்கம் உன்னோடது.”