பாகற்காய்ப் படையல்

ஆடி அமாவாசை வெயில் தாமிரபரணிப் படித்துறையில் சுள்ளென்று அடிக்கிறது. வெள்ளைக்காரப் பட்டாளத்தில் சேர்ந்து கடல் தாண்டிப் போன மாரிக்கண்ணு பஸ்ரா சண்டையில் செத்துப்போனதாகச் சர்க்கார் தந்தி வந்து வருஷம் திரும்பிவிட்டது. மகனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காத சுடலைவடிவு அதை நம்பவில்லை. ஊரார் வற்புறுத்தியதால்தான் இலை போட்டிருக்கிறாள். அதிலும் அவனுக்குப் பிடித்த உளுந்தங்களி இல்லை. ஜென்மத்தில் அவன் தொடாத பாகற்காயைத்தான் சோற்றின்மேல் குவித்திருக்கிறாள். காக்கை தொடாவிட்டால் பிள்ளை உயிரோடிருக்கிறான் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. “தள்ளி நில்லுங்க மதினி, காக்கா இறங்கட்டும்,” என்கிறான் கொழுந்தன் பூதத்தான். அவள் அசையவில்லை. கல்மண்டபத்திலிருந்து ஒரு காக்கை இறங்கி, தலையைச் சாய்த்து அவளைப் பார்த்துவிட்டு, பாகற்காயைக் கொத்துகிறது. “இது அவன் இல்ல!” என்று கத்துகிறாள். விரட்ட ஓங்கிய கை பாதியில் நிற்கிறது. காக்கை விடாமல் தின்கிறது. ஈரப்படியில் மண்டியிட்டு, “பாவக்காயையா திங்குத, எய்யா? அம்புட்டுப் பசியா?” என்கிறாள்.