பேச்சு கேட்காத கால்

"முதுகை நிமிர்த்தி உட்காருங்க. காலை லேசா அழுத்தினாலே ஓடும்," என்றாள் மனைவி, கட்டுப் போட்ட வலது கையை மடியில் வைத்துக்கொண்டு.

கணவர் அழுத்தினார். சீறிக்கொண்டு கிளம்பியது.

"மெதுவா, வளைவு வருது. ரெண்டு கையாலயும் திருப்புங்க. நிறுத்துங்க, நிறுத்துங்கன்னா..."

பலம் கொண்ட மட்டும் மிதித்தார். 'டக்'கென்று சத்தம்.

"போச்சு, இன்னொரு ஊசி." இடது கையால் தலையில் அடித்துக்கொண்டாள். "சாயங்காலம் சட்டையைக் கேட்டு வந்து நிப்பாங்க. இன்னும் கழுத்து கூட தைச்சு முடியல."

"நான் என்ன பண்றது? இத்தனை வருஷம் பஸ் ஓட்டின கால். நிறுத்துன்னா பிரேக்குன்னு நினைச்சு மிதிக்குது."

"மோட்டார் தையல் மெஷினை நிறுத்த காலை எடுக்கணும்."

"எனக்குத் தெரியுது. காலுக்குத் தெரியலையே."

மனைவி சற்று யோசித்துவிட்டு, புது ஊசி மாட்டச் சொன்னாள். மெஷின் மறுபடியும் பறந்தது. வளைவு முடியும் இடம் வந்ததும் கண்டக்டர் மாதிரி குரல் கொடுத்தாள்.

"ரைட், போலாம்."

அந்தக் குரலைக் கேட்டதும் பிரேக்கை விட்டுப் பழகின கால் தானாக மேலே வந்தது. மெஷின் கச்சிதமாக நின்றது.