இன்னும் பெரிசா ஒரு ஜெராக்ஸ்

"இந்த ஜெராக்ஸ் சரியில்லை சார். இன்னும் பெரிசா எடுத்துட்டு வாங்க."

மாஸ்டருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நேற்று ஆர்.டி.ஓ. ஆபீஸின் இதே கவுண்டரில் இதே பெண் அவருடைய லைசென்ஸ் ஜெராக்ஸைத் திருப்பித் தள்ளி, "பெரிசா" என்றாள். இன்று இரண்டு மடங்கு பெரிதாக எடுத்து வந்திருக்கிறார். அவருக்கு முன்னால் நின்றவர் சட்டைப் பையிலிருந்து கசங்கிய ஒன்றை நீட்டினார். அதை மட்டும் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டாளே!

"இதைவிடப் பெரிசுன்னா போஸ்டர்தாம்மா அடிக்கணும்."

"அடிச்சுட்டு வாங்க சார்."

அந்த 'சார்'தான் அவரை அதிகம் சுட்டது. ஊரில் பாதிப் பேருக்கு அவர் மாஸ்டர். முப்பது வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். இவளுக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அவர்தான்.

அப்போது இவள் பூனை குறுக்கே போனாலும் ஹாரன் அடிப்பாள், புறா பறந்தாலும் ஹாரன் அடிப்பாள். அவர் வைத்த பட்டப்பெயரே 'ஹாரன்'.

"எதுக்கெடுத்தாலும் அலறாதே! லைட்டைக் காட்டு. புரிஞ்சவன் ஒதுங்குவான்" என்று அடிஸ்கேலால் டேஷ்போர்டில் ஓங்கித் தட்டுவார். ஒரு நாள் அழுதுகொண்டே பாதி வழியில் இறங்கிப் போனாள்.

அதை மனசில் வைத்துக்கொண்டுதான் இப்படி அலைக்கழிக்கிறாளோ?

அவருக்கு அலைய நேரமில்லை. வெளிநாட்டில் மகளுக்கு இது எட்டாம் மாதம். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, பிரசவத்துக்கு வந்து சேர முடியாது. "ஆஸ்பத்திரி நாப்பது நிமிஷ தூரம்ப்பா. கார் இருக்கு, ஓட்டத்தான் ஆள் இல்லை. இன்டர்நேஷனல் பர்மிட் இல்லாம மட்டும் வந்துடாதீங்க" என்று தினமும் போன். மூன்று வாரத்தில் விமானம்.

"இங்க பாரும்மா, லைசென்ஸ் அட்டையே கையில இருக்கு. அதைப் பாரேன். ஜெராக்ஸ் எதுக்கு?"

அட்டையை நீட்டினார். அவள் பட்டென்று அதன்மேல் ஒரு ஃபைலை வைத்து மூடி, அப்படியே அவர் பக்கம் தள்ளினாள்.

"அதெல்லாம் காட்ட வேணாம் சார்."

லைசென்ஸைக் காட்டாமல் பர்மிட்டா? மாஸ்டருக்குத் தலை சுற்றியது.

பக்கத்து மேசையில் புதிதாக மாற்றலாகி வந்த இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். கறாரான மனுஷர். வந்த ஒரே வாரத்தில், பேப்பர் சரியில்லை என்று இரண்டு டிரைவிங் ஸ்கூலுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். 'அப்படிப்பட்டவரிடம்தான் இவளைப் பற்றிச் சொல்ல வேண்டும்' என்று மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பினார்.

"சார்!" அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவர்கிட்ட போனா உங்க வேலை நடக்கவே நடக்காது."

"மிரட்டுறியா?"

அவள் ஜெராக்ஸின் ஒரு மூலையில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டாள். டிராயரிலிருந்து எதையோ எடுத்து, அதோடு சேர்த்து ஒரு கவருக்குள் திணித்து நீட்டினாள்.

"இந்த மூலையை மட்டும், ஒரு முழுத் தாள் அளவுக்கு. கடையிலேயே நின்னு நல்லாப் பாத்து வாங்குங்க."

"மூலையையா? என் மூஞ்சி வேணாமா?"

"வேணாம் சார். அடுத்தவங்க வாங்க."

மாஸ்டருக்குப் பொறுமை போய்விட்டது. "ஹாரன்! பழி வாங்குறியா? இப்படி ஒரு நன்றி கெட்ட ஜென்மத்துக்கா நான் வண்டி ஓட்டக் கத்துக் குடுத்தேன்?"

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். காது மட்டும் சிவந்திருந்தது.

எதிர்ச்சாரியில் ஜெராக்ஸ் கடை.

"என்ன மாஸ்டர், மூலைக்குப் போய் ஒரு முழுத் தாளா?" கடைக்காரர் சிரித்துக்கொண்டே பொத்தானை அமுக்கினார்.

தாள் வெளியே வந்தது. ஒவ்வொரு எண்ணும் கட்டைவிரல் பருமன். கடைக்காரர்தான் முதலில் வாசித்தார்.

"அட்டை செல்லுபடியாகும் கடைசி நாள்... இது போன வருஷமாச்சே மாஸ்டர்!"

மாஸ்டர் வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பதினோரு மாதம் ஆகியிருந்தது.

'லைசென்ஸ் காலாவதியா? வண்டியைத் தொடாதே!' என்று தன் ஸ்கூல் சுவரில் ஆளுயரத்துக்கு எழுதி வைத்திருப்பவர் அவர். மாணவர்களின் தேதியெல்லாம் விரல் நுனியில் இருக்கும். சொந்த அட்டையைத் திருப்பிப் பார்த்ததுதான் இல்லை. பதினோரு மாதமாக இதை வைத்துக்கொண்டுதான் ரோட்டில் பாடம் நடத்தியிருக்கிறார். அந்த இன்ஸ்பெக்டர் கண்ணில் இது பட்டிருந்தால் ஸ்கூலுக்கு இன்றைக்கே பூட்டு.

வெட்கத்தில் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் கவருக்குள் இருந்த இன்னொரு தாள் கைக்குத் தட்டுப்பட்டது.

லைசென்ஸைப் புதுப்பிக்கும் படிவம். பெயர், முகவரி, பழைய எண் எல்லாம் அழகாக நிரப்பியிருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு புள்ளி. பின்பக்கத்தில் பென்சிலால் சில வரிகள்:

"மாஸ்டர், கையெழுத்துப் போட்டு இன்னிக்கே பின்பக்கக் கட்டடத்துல குடுத்துடுங்க. பத்து நாள்ல புது அட்டை வந்துடும், மறுநாளே பர்மிட் போட்டுத் தர்றேன். அதுவரைக்கும் வண்டியைத் தொடாதீங்க. பக்கத்துல அவர் இருந்தார். அதான் ஹாரன் அடிக்காம, லைட்டை மட்டும் காட்டினேன்."