ஆறு மணிக் கப்பல்

"முதல்ல வந்த கப்பலுக்குத்தானே சார் முதல் இடம்? இல்ல, உங்க தெருக்காரர் கப்பலுக்கா?"

நௌஃபல் எழுந்து நின்று கேட்டேவிட்டான்.

எந்தக் கப்பலுக்குக் கரையோரம் எந்த பெர்த், எதை முதலில் கட்டுவது என்று முடிவு செய்யும் தூத்துக்குடித் துறைமுகத்தின் காலைக் கூட்டம் அது. கப்பல் ஏஜெண்டுகள் இருபது பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

காலியாக இருந்தது ஒரே ஒரு பெர்த். நௌஃபலின் கப்பல் ஐந்து பத்துக்கே வந்து நங்கூரம் போட்டுவிட்டதாகக் கேப்டனே மெயில் அனுப்பியிருந்தார். இன்னொரு ஏஜெண்டான டெரன்ஸ் அண்ணாச்சியின் கப்பல் வந்ததோ ஆறு மணிக்கு. ஆனாலும் அதிகாரி ரோச், டெரன்ஸ் பெயரைத்தான் எழுதினார். இரண்டு பேரும் மில்லர்புரத்தில் ஒரே தெரு. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

பக்கத்தில் முதலாளி முஹ்யித்தீன் வேறு உட்கார்ந்திருந்தார். வேலைக்குச் சேர்ந்த மூன்று மாதத்தில் நௌஃபல் இரண்டு தப்பு பண்ணியாயிற்று. இன்னொன்று பண்ணினால் சொந்த ஊர் காயல்பட்டினத்துக்கு பஸ் ஏறிவிட வேண்டியதுதான் என்று போன வாரம் இதே ஹாலில், எல்லார் காதிலும் விழும்படி சொல்லியிருந்தார். இன்றைக்கு விட்டுவிடுவானா?

ரோச் பேனாவை மூடினார். அவனைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த முஹ்யித்தீனையும் பார்த்தார்.

"போட்டது போட்டதுதான். அடுத்த கப்பலைச் சொல்லுங்க."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். இருபத்தெட்டு வருட சர்வீஸில் ரோச்சிடம் ஒருவரும் விரல் நீட்டிப் பேசியதில்லை. மனிதர் மறுபடி பேனாவைத் திறந்து, தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் முஹ்யித்தீன் தோளில் தட்டிக்கொடுத்தார். கப்பல் நாளைக்குக் கட்டினாலும் பரவாயில்லை, நியாயத்தைக் கேட்க ஓர் ஆள் கிடைத்தானே என்றார். வேலையையும் நிரந்தரமாக்கிவிட்டுக் காரில் ஏறினார்.

நௌஃபலுக்குக் கால் தரையில் பாவவில்லை. கையோடு ஒரு புகாரும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தபோது, ரோச் கூப்பிடுவதாக ஆள் வந்தது. சமாதானம் பேசத்தான் கூப்பிடுகிறார், மசியக் கூடாது என்று விறைப்பாகவே உள்ளே போனான்.

ரோச் கட்டுப்பாட்டு அறையின் பதிவை அவன் பக்கம் திருப்பினார். நௌஃபலின் கப்பல் வந்த நேரம் ஆறு நாற்பது.

"துபாய்ல இருந்து வார கப்பல் தம்பி. கேப்டன் கடிகாரத்தை மாத்தாம அந்த ஊரு நேரத்தையே போட்டிருக்காரு. நம்ம நேரத்துக்கு ஒன்றரை மணி கூட்டணும். நீங்க கூட்டாமலே பெர்த் கேட்டு எழுதிட்டீய."

நௌஃபல் மனதுக்குள் கூட்டிப் பார்த்தான். சரியாகத்தான் வந்தது. அவமானத்தில் அவனுக்கு முகம் எரிந்தது.

"இதை அங்கனயே சொல்லியிருக்கலாமே சார். அத்தனை பேரு முன்னால உங்கள கேவலமாப் பேசிட்டேனே..."

"சொல்லத்தான் வாயெடுத்தேன். பக்கத்துல உங்க முதலாளி இருந்தாரு. எனக்கு ஒரு நாள் பேருதான் தம்பி போகும். உங்களுக்கு வேலைல்லா போகும்."