மூணு காப்பி

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குள் படபடப்போடு நுழைந்த அந்த அம்மா, ஒரு ஹார்ட் டிஸ்க்கை மேஜைமேல் வைத்தார்.

"கீழே விழுந்துடுச்சு தம்பி. என் வீட்டுக்காரர் இருபது வருஷமா சேர்த்து வச்ச ஆயிரத்து இருநூறு பாட்டு இதுலதான் இருக்கு. வேற காப்பி கிடையாது. அவருக்கு சாப்பாடே இறங்கலை, உடனே உங்ககிட்ட கொண்டு போகச் சொன்னார். திரும்பக் கிடைச்சிடுமா?"

"கஷ்டம்தாம்மா."

"ஒரு பாட்டுகூடவா கிடைக்காது?" அவர் கண் கலங்கிவிட்டது.

கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு மூன்று நாள் அந்த டிஸ்க்கோடு மல்லுக்கட்டினார். அந்த அம்மாவோ காலையும் மாலையும் ஃபோன் செய்து, "வந்துடுச்சா?" என்று விசாரித்தபடி இருந்தார்.

நாலாம் நாள் அவரை வரவழைத்தார்.

"ஒண்ணு விடாம மீட்டுட்டேம்மா! மூணு காப்பியும் எடுத்தாச்சு, இனிமே அழியவே அழியாது. சாருக்கும் சொல்லிட்டேன், குதிக்கிறார்!"

அந்த அம்மா தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சந்தோஷத்துல பேச்சே வரலையா? இருங்க, ஒண்ணு போடறேன்."

ஸ்பீக்கரில் ஓர் ஆண் குரல் சுருதியை விட்டுவிட்டு எங்கேயோ ஓடியது. தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். கடைக்காரர் பதறிப்போய் நிறுத்தினார்.

"யாரும்மா இது?"

"என் வீட்டுக்காரர்தான். ஆயிரத்து இருநூறும் அவர் பாடினதுதான். இதைக் கீழே போட்டு உடைக்க எனக்கு இருபது வருஷம் ஆச்சு, தம்பி!"