இரண்டாவது கை

ஹெட்போனை மாட்டியதும் அவளுக்கு வாய் உலர்ந்துபோனது.

வீடியோ கேம் போட்டி நடக்கும் அரங்கில் முந்நூறு பேராவது இருப்பார்கள். இருமல், நாற்காலி இழுபடும் சத்தம், யாரோ சிப்ஸ் பொட்டலம் பிரிக்கும் சத்தம். எல்லாம் எங்கோ தள்ளிப்போய், நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும் காதுக்குள் கேட்டது.

வாசலில் பெயர் சரிபார்த்தவர், "இவங்களா ஆடப்போறாங்க? உட்கார்ந்துக்குவாங்களா?" என்று அவளைக் கேட்கவில்லை, அவளை அழைத்து வந்த தம்பியைக் கேட்டார்.

"கண்ணுதான் சார் தெரியாது. உட்காரத் தெரியும்," என்றான் தம்பி.

அப்போது சிரித்தாள். இப்போது சிரிப்பு வரவில்லை. பார்வையற்ற சகோதரி ஒருவர் கலந்துகொள்கிறார் என்று மைக்கில் சொன்னார்கள். அவள் ஒரு பட்டனைக்கூடத் தொடவில்லை, அதற்குள் அரங்கமே கைதட்டியது.

சண்டை விளையாட்டு அது. குத்துக்கு ஒரு சத்தம், உதைக்கு ஒரு சத்தம், தாவலுக்கு ஒரு சத்தம். எதிராளி இடப்பக்கம் நின்றால் இடது காதில் கேட்கும். நெருங்க நெருங்க நடுவுக்கு வரும். அவளுக்கு மருத்துவமனையில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலை. நாள் முழுக்கக் குரல்களைப் பிரித்துப் பழகிய காது. ஆறு வருடமாக வீட்டில் தம்பியோடு ஆடுகிறாள்.

தோற்பதற்கு அவள் பயப்படவில்லை. பத்தே நொடியில் தோற்று எழுந்திருக்கும்போது, 'பாவம்' என்று யாராவது சொல்வார்களே, அதற்குத்தான்.

எதிராளி போன வருடத்துச் சாம்பியன். அவனுடைய பட்டன் பலகையும் அவளுடையதும் ஒரே மேசையில் இருந்தன. ஆட்டத்துக்கு முன்னால் அவன் விரல்களைப் பழக்கிக்கொண்டபோது, தையல் மெஷின் ஓடுவதுபோல் மேசை அதிர்ந்தது. அந்த அதிர்வு அவள் மணிக்கட்டில் ஏறித் தோள் வரை வந்தது. இவனிடமா வந்து மாட்டினோம் என்று நினைத்துக்கொண்டாள்.

மணி அடித்தது.

இடது காதில் ஓர் உதை. தடுத்தாள். திருப்பி உதைத்தாள். அவன் பின்வாங்கினான், நின்றான், மறுபடி ஒரு குத்து. பழகிய வேகம்தான். விரல்கள் தாமாக ஓடின. நாற்பது நொடியில் அவன் விழும் சத்தம் கேட்டது. முதல் சுற்று அவளுக்கு.

அரங்கம் எழுந்து நின்று கத்தியது. அவளும் சிரித்துவிட்டாள்.

சிரிப்பு பாதியில் நின்றது. மணிக்கட்டில் ஏதோ நெருடியது. இந்த நாற்பது நொடியில், தன் விரல் நின்றபோதெல்லாம் மேசையும் நின்றிருந்தது. அவன் பக்கத்திலிருந்து அந்தத் தையல் மெஷின் அதிர்வு வரவே இல்லை.

ஹெட்போனைக் கழற்றினாள்.

"உங்க ரெண்டாவது கை எங்க இருக்கு?"

பக்கத்திலிருந்து சாம்பியன் மெதுவாகச் சொன்னான். "மடியிலக்கா. உங்களுக்காகத்தான் ஒத்தக் கையால... தப்பா எடுத்துக்காதீங்க."

"அதையும் எடுத்து மேல வைங்க."

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று அடுத்த நொடியே தோன்றியது. ஹெட்போனை மறுபடி மாட்டியதும் மணி அடித்துவிட்டது.

மேசை துள்ளியது. இடமா வலமா என்று பிரித்தறிவதற்குள் அடி விழுந்தது, எழுவதற்குள் அடுத்தது. இத்தனை சத்தங்கள் இந்த விளையாட்டில் இருப்பதே அவளுக்குத் தெரியாது. பன்னிரண்டு நொடியில் முடிந்துபோனது.

எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. நாற்காலியை மேசைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துக்கொண்டாள்.

மூன்றாவது சுற்றில் பயத்தில் அவளுக்கு விரல் நுனியெல்லாம் மரத்துவிட்டது. காது மட்டும் விழித்திருந்தது. ஒரு தாவலுக்கு முன்னால் மெல்லிய உரசல் ஒன்று வருவதைப் பிடித்தாள். அடுத்த உரசல் கேட்டதும் உதைத்தாள். பட்டது. இன்னொன்று, அதுவும் பட்டது. பக்கத்தில் சாம்பியன் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது ஹெட்போனைத் தாண்டிக் கேட்டது. அவன் நிஜமாகவே சண்டை போடுகிறான்.

ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் தோற்றாள்.

இந்த முறை யாரும் கைதட்டவில்லை. சாம்பியன் மட்டும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவனுடைய உள்ளங்கை அவளுடையதைவிட ஈரமாக இருந்தது.

வெளியே வந்ததும் தம்பி முழங்கையை நீட்டினான். பிடித்துக்கொண்டு படிக்கட்டில் இறங்கினாள். அவன் பொருமிக்கொண்டே வந்தான்.

"நடுவுல பேச்சுக் குடுத்து உன்னைக் குழப்பிட்டான்க்கா. வீட்ல என்கூட ஆடுற மாதிரி ஆடியிருந்தா நீதான் ஜெயிச்சிருப்ப."

அவள் நின்றாள்.

வீட்டில் அவர்கள் ஆடுவது சாப்பாட்டு மேசையில். இந்த முனையில் அவள், அந்த முனையில் அவன். லொடலொட்டை மேசை. அம்மா அதில் வைத்துக் காய் நறுக்கினாலே தண்ணீர்க் குவளை கிடுகிடுக்கும்.

ஆறு வருடத்தில் ஒருநாளும், அவள் விரல் நின்ற பிறகு அந்த மேசை அதிர்ந்ததில்லை.

கேட்டுவிடலாம்தான்.

"ஏன்க்கா நின்னுட்ட? பயப்படாம இறங்கு," என்றான் தம்பி. "நான் இருக்கேன்ல."